முதலாளியும் தானே, தொழிலாளியும் தானே

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையே கிடக்கும் ஊர் தேற்றாத்தீவு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே அகலங் குறைந்த மணற்றரை. தேற்றா மரங்கள் மிகுந்திருந்தமையால் ஊருக்கு இப்பெயர் வந்ததென்பர். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை கொண்டு தெளியவைக்கும் வழக்கத்தைக் கலித்தொகைப் புலவரே அறிந்திருந்தார். இந்த மணலிலே ஆழமில்லாத கிணறுகளைத் தோண்டி, வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் செய்து வாழ்வோர் இவ்வூரிலும் அயலூர்களிலும் பலர். சிலருக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையிலே வயலும் உண்டு. வாவியில் வலை வீசுவோரும், கடலுக்குப் போவோரும், தையல் இயந்திரத்தோடும் தச்சுப் பட்டறையோடும் காலங் கழிப்போரும் உளர். இவர்களுள் எவருக்கும் எசமான் இல்லை. எவரும் மாத முடிவில் கையொப்பமிட்டுச் சம்பளம் வாங்குவதில்லை. இவர்கள் நோயுற்றால் என் செய்தார்கள், மூப்புற்றால் என் செய்தார்கள், களைத்தபோது எவ்வாறு ஓய்ந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெற்றிலையையே எடுத்துக்கொள்வோம். அது நுட்பமான பயிர். நிழலும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஆனால் அடியிலே நீர் தேங்கினால் வேர் அழுகும். மாரி மிகுந்தால் ஒரு கவலை. கோடை நீண்டால் மற்றொரு கவலை. மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லையாதலின், வெயிற்காலத்தில் கொடிக்கு நாள் தவறாமல் நீர் விட்டாக வேண்டும். கொய்த இலையையும் வைத்திருக்கலாகாது. வாடுமுன் எண்ணி அடுக்கிக் கட்டி வியாபாரியின் கையிற் சேர்க்க வேண்டும். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை நீக்கிப் போயா நாளை வார விடுமுறையாக்கினார்கள். கந்தோர்களும் பாடசாலைகளும் நாட்காட்டியோடு மல்லாடின. வெற்றிலைத் தோட்டத்துக்கு அந்த ஐந்தாண்டுகளும் மற்ற ஆண்டுகளைப் போன்றவையே. கொடிக்கு வருத்தம் வந்தால் தோட்டக்காரனுக்கு விளங்கும். தோட்டக்காரனுக்கு வருத்தம் வந்தால் கொடிக்கு விளங்காது.

இத்தகையவனை நோக்கி உலகம் காலங்காலமாகச் சொல்லி வரும் புத்திமதி ஒன்றே: உன் உடம்பை நீயே பார்த்துக்கொள். வைத்தியர் சொல்கிறார், வானொலி சொல்கிறது, இப்பொழுது கைத்தொலைபேசியும் சொல்கிறது. நேரத்துக்கு உண், நன்றாக உறங்கு, வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திரு, மனத்தை அலட்டாதே. இவற்றுள் ஒன்றேனும் பிழையன்று. ஆயினும், ஓய்ந்திருக்கும் நாளிலே கொடிக்கு நீர் ஊற்றுவது யார் என்ற கேள்விக்கு இப்புத்திமதியில் விடையில்லை. விடை இல்லாமற் போனதற்கு ஒரு வரலாறு உண்டு.

உழைப்பவனின் நோயை அவனுடைய தொழிலோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி. 1700ஆம் ஆண்டு மோதெனா நகரில் அவர் வெளியிட்ட நூல் தொழிலாளரின் நோய்களைத் தொழில்வாரியாக ஆராய்ந்தது. நோயாளியைக் காணும் மருத்துவன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் கேட்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். அவர் எழுதியது ஆலைகள் எழுமுன்னர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. குயவன், கொல்லன், மீனவன், உழவன் என்று அவர் பட்டியலில் வருவோருள் மிகப் பலர் சொந்தக் கையால் சொந்தத் தொழில் செய்தோரே. அந்நூலில் இவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். பின்னர் வந்த சட்டங்களில் இவர்களைக் காணோம்.

காரணம் விளங்காததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை எழுந்தது, ஆலைத் தொழிலாளி திரண்டான், திரண்டவன் கேட்டான், கேட்டவனுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்புறுதியையும், 1884இல் விபத்துக் காப்புறுதியையும், 1889இல் முதுமைக் காப்புறுதியையும் கொண்டுவந்தது தொழிலாளர் மீது கொண்ட காதலால் அன்று. சமதர்மக் கட்சியின் வளர்ச்சி கண்டு கொண்ட அச்சத்தால். அச்சத்தால் வந்ததாயினும் வந்தது வந்ததுதான். ஆனால் அச்சட்டங்களின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் தொழிலாளி, மறு பக்கம் முதலாளி. இருவரிடமும் பணம் பெற்று ஒரு நிதி. எதிர்ப்பக்கத்தில் எவரும் இல்லாதவனுக்கு அந்த அமைப்பிலே இடம் வைக்கப்படவில்லை.

அதே வார்ப்புத்தான் இலங்கைக்கும் வந்தது. 1923இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் கொழும்பு அதிர வேலைநிறுத்தம் நடந்தது. 1934இல் வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்; 1939இல் மகப்பேற்று நலன்களுக்கான கட்டளைச் சட்டம்; 1941இல் சம்பளச் சபைகள்; 1954இல் வார விடுமுறையையும் வேலை நேரத்தையும் வரையறுத்த கடை, காரியாலய ஊழியர் சட்டம்; 1956இல் மே தினம் பொது விடுமுறை; 1958இல் ஊழியர் சேமலாப நிதி. ஒவ்வொன்றும் போராடிப் பெற்ற உரிமை. ஒவ்வொன்றையும் நாம் காக்க வேண்டும். ஒவ்வொன்றும் 'தொழில் கொள்வோர்' என்னும் சொல்லில் தொடங்குகிறது. சேமலாப நிதிக்குத் தொடக்கத்தில் ஊழியர் நூற்றுக்கு 4உம், தொழில் கொள்வோர் 6உம் கட்டினர். பின்னர் அது 8உம் 12உம் ஆயிற்று. பெரும்பங்கு எசமானுடையது. தேற்றாத்தீவுத் தோட்டக்காரன் இந்நிதியில் சேர விரும்பியிருந்தால், அந்த 8ஐயும் 12ஐயும் ஒரே மடியிலிருந்து அவிழ்க்க வேண்டியிருந்திருக்கும்!

அரசாங்கம் உழவனை மறந்துவிட்டது என்று சொல்வது அநீதி. நினைத்தது, நினைத்த ஒழுங்குதான் விசித்திரமானது. 1958இல் நெற்காணிச் சட்டம் வந்த அதே காலத்திலே பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 1961இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. நெற்பயிர் காப்புறுதி பெற்றது. 1973இல் விவசாயக் காப்புறுதிச் சட்டம் அதனை விரித்தது. ஏனைய பயிர்களோடு கால்நடையும் காப்புறுதி பெற்றது. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால்தான் விவசாயிகளுக்கு ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பும் பேசப்பட்டன. முதலில் நெல், அடுத்து மாடு, அதன் பின் மனிதன். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருவதா, வேறொன்று வருவதா என்று தெரியவில்லை. 1990இல் கடற்றொழிலாளருக்கும், 1996இல் சமூகப் பாதுகாப்புச் சபையின் மூலம் ஏனைய சுயதொழிலாளருக்கும் இவ்வழி திறக்கப்பட்டது.

திறந்த வழி எங்கே போயிற்று? விவசாயிகள் ஓய்வூதியத்தில் இலட்சக்கணக்கானோர் சேர்ந்தனர். அவர்கள் கட்டிய தொகை சிறிது. வாக்களிக்கப்பட்டதோ ஆயுள் முழுவதற்கும். எசமானின் பங்கென்று ஒன்று இல்லாத குறையை நிரப்பப் போதிய ஏற்பாடில்லை. 2010களின் தொடக்கத்தில் நிதி வற்றியது, கொடுப்பனவு நின்றது. அறுபது கடந்த முதியவர்கள் தபாற் கந்தோருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினர். 2014இல் அரசாங்கப் பணத்தோடு அது மீண்டும் தொடங்கப்பட்டதெனினும், ஒரு முறை நின்ற ஊதியத்தை முழுமையாக நம்புவது எளிதன்று. பாடசாலை ஆசிரியனாகிய எனக்கு ஓய்வூதியம் உண்டு. அது நிற்குமென்று நான் ஒரு நாளும் அஞ்சி உறங்காதிருந்ததில்லை. எனக்கும் என் வகுப்பிலிருக்கும் பிள்ளையின் தகப்பனுக்கும் இடையே உள்ள வேறுபாடு உழைப்பின் அளவில் இல்லை. இந்த உறக்கத்தில் இருக்கிறது.

நிறுவனத்தைச் சேர்ந்தவனுக்கே நலன் என்னும் வழக்கம் வெள்ளையர் கொண்டுவந்ததன்று என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலர்சாலையை அது விவரிக்கிறது. பதினைந்து படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் என ஒவ்வொருவருக்கும் நெல் இவ்வளவு, காசு இவ்வளவு என்ற கணக்கு. தமிழர் பெருமைக்குச் சான்றாக மேடைகளிலே இதனை எடுத்துக்காட்டுவோர் ஒன்றைச் சொல்லாமல் விடுவதுண்டு. அப்படுக்கைகள் அங்கே பயின்ற மாணவருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரியவை. கோயிலுக்கு நெல் அளந்த உழவன் நோயுற்றால் எங்கே படுத்தான் என்பதைக் கல்வெட்டு பேசவில்லை.

இந்த இடத்தில் முற்போக்காளராகிய நாமும் கொஞ்சம் நம்மையே நோக்க வேண்டும். சொந்தக் காணியில் சொந்தக் கையால் உழைப்பவனை நாம் எப்படி அழைத்தோம்? குட்டி முதலாளி என்றோம். மாறும் வர்க்கம், ஆட்டங்காணும் வர்க்கம், இன்றோ நாளையோ கூலியாளாகப் போகின்ற வர்க்கம் என்றோம். ஆகவே அவனுக்கெனத் தனிக் கோரிக்கை எதையும் நாம் பெரிதாக வகுக்கவில்லை. ஆனால் மார்க்ஸே இவனை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவில்லை. சொந்தக் கருவியோடு உழைக்கும் குடியானவன் இரண்டாகப் பிளவுண்டவன். கருவிக்கு உடையவன் என்ற முறையில் முதலாளி, உழைப்பவன் என்ற முறையில் தன்னுடைய கூலியாள். தன்னைத்தானே வேலைக்கமர்த்துகிறான் என்ற கருத்தை உபரி மதிப்புக் கோட்பாடுகள் பற்றிய தம் கையெழுத்துப் படிகளிலே அவர் ஆராய்ந்திருக்கிறார். ருஷ்யப் பொருளியலாளர் சயானோவ் 1925இல் வெளியிட்ட குடியானவர் பண்ணை பற்றிய நூல் இதனை மேலும் நுணுகிற்று. குடும்பத்தின் தேவை ஒரு தட்டில், வேலையின் கடுமை மறு தட்டில். உண்ணும் வாய்கள் பெருகும்போது உழைக்கும் கைகள் எல்லை மீறித் தம்மைத் தாமே வருத்துகின்றன என்று அவர் காட்டினார். தன்னைத் தானே சுரண்டுதல் என்ற தொடர் இவ்வழியே வழக்கில் ஊன்றியது. சயானோவ் 1937இல் கொல்லப்பட்டார். அந்தக் கொலையைப் பற்றி நம் ஏடுகள் நெடுங்காலம் வாய் திறவாதிருந்தன.

எசமானின் கீழ் வேலை செய்பவனுக்கு வேலை முடிந்தது என்று சங்கு ஊதுகிறது. சங்கு ஊதிய பின்னும் வேலை வாங்கினால் அவன் வெறுக்க ஒரு முகம் உண்டு. தன்னைத் தானே வேலை வாங்குபவனுக்குச் சங்கும் இல்லை, முகமும் இல்லை. நோயோடு எழுந்து கிணற்றடிக்குப் போகும்போது அவனை விரட்டுவது பிள்ளையின் படிப்புச் செலவும் வியாபாரியிடம் வாங்கிய முற்பணமுந்தான். இதனால்தான் அவனுடைய களைப்பு அவனுக்கே குற்றமாகத் தோன்றுகிறது. ஓய்ந்திருந்தால் சோம்பேறி என்று ஊர் சொல்லுமுன் அவனே சொல்லிக்கொள்கிறான்.

சட்டம் இல்லாத காலத்திலும், சட்டம் எட்டாத இடத்திலும் மட்டக்களப்பு மக்கள் முற்றாக ஆதரவற்றுக் கிடந்தார்கள் என்பதில்லை. அவர்கள் ஓய்வையும் மூப்பையும் வேறு வழியாக ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்நாட்டில் குடி தாய்வழியாக எண்ணப்படுகிறது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகின்றன. மணமகன் பெண் வீட்டில் வந்து வாழ்கிறான். முதுமையடைந்த தாய் தந்தையர் மகளின் வளவிலேயே, சில வேளைகளில் அருகே போட்ட சிறு குடிலில், கடைசிக் காலத்தைக் கழிப்பர். எழுதாத ஓய்வூதியச் சட்டம் இது. இதனைப் போற்றி எழுதுவது எளிது. ஆனால் இந்த ஓய்வூதியத்தை மாதந்தோறும் செலுத்துபவள் யார்? மகள். அவளுடைய சமையலும் துவைப்பும் நோய்ப்பணிவிடையும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மூன்று நான்கு பெண்களைப் பெற்றவனோ ஒவ்வொருத்திக்கும் வீடு கட்டும் வரை ஓய முடியாது. சீதனமே அவனை அறுபது வயதிலும் கூரை மேல் ஏற்றிவிட்டது.

ஓய்வு நாட்களைத் தந்தது கோயில். வைகாசியிலே கண்ணகையம்மன் கோயில்களின் கதவு திறந்து சடங்கு தொடங்கினால் ஊரின் நடையே மாறும். வீடு மெழுகி, புலால் நீக்கி, இரவு விழித்துக் குளிர்த்தி காண்பார்கள். அம்மை, கொப்புளிப்பான் முதலிய வெப்பு நோய்களும் கண்ணகையின் பெயரோடு பிணைந்தவை. நோய் கண்ட வீட்டுக்கு வேப்பிலையும் கட்டுப்பாடும் உண்டு. சமய நம்பிக்கை உடையோரும் இல்லாதோரும் இதிலே ஒரு பொருளியல் உண்மையைக் காணலாம்: தனி ஒருவன் வேலையை நிறுத்தினால் அவன் பின்தங்குகிறான், ஊரே நிறுத்தினால் எவனும் பின்தங்குவதில்லை. அறுவடை முடிந்து சூடடித்து நெல் வீடு சேர்ந்த பின் வட்டக்களரி எழுந்து, வடமோடி தென்மோடிக் கூத்துகள் விடியும்வரை நடந்ததும் இவ்வாறே. ஆனால் இவ்வொழுங்கு நெல்லின் ஒழுங்கு. நெல்லுக்கு விதைப்பும் அறுப்பும் இடையே வெறுங்காலமும் உண்டு. வெற்றிலைக்கு அந்த இடைவெளி இல்லை. ஊர் நெல்லிலிருந்து நாள்தோறும் காசு தரும் தோட்டப் பயிருக்குச் சாயச் சாய, பழைய ஓய்வும் கழன்றது. காசு நாள்தோறும் வந்தது. வேலையும் நாள்தோறும் வந்தது.

எஞ்சி நிற்பவை சீட்டும், மரண உதவிச் சங்கமும். பெண்கள் பிடிக்கும் சீட்டு ஒரு தையல் இயந்திரத்தையோ ஒரு வைத்தியச் செலவையோ தாங்கும். மரண உதவிச் சங்கமோ இந்நாட்டின் பல்லாயிரம் ஊர்களில், தமிழர் சிங்களவர் என்ற வேறுபாடின்றி, வேரூன்றிய ஏற்பாடு. சாவு விழுந்த வீட்டுக்குப் பணம் வரும், பந்தல் வரும், கதிரை வரும், ஆட்கள் வருவார்கள். இங்கிலாந்திலே 1793ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கீகாரம் பெற்ற நட்புறவுச் சங்கங்கள் சவ அடக்கத்தோடு நில்லாமல், நோயில் வீழ்ந்த உறுப்பினனுக்கு வாரந்தோறும் பணம் கொடுத்தன. அவனைச் சென்று பார்க்க ஆட்களையும் நியமித்தன. நம்முடைய சங்கங்கள் பெரும்பாலும் மனிதன் இறந்த பின்னரே அவன் வீட்டுப் படியேறுகின்றன.

படுக்கையில் கிடப்பவனிடம் படியேறி வந்த கூட்டுறவு இந்தத் தீவிலேயே உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீர் இறைத்துப் புகையிலை செய்த கமக்காரரின் நிலை, தொழிலின் கடுமையில் நம் வெற்றிலைத் தோட்டக்காரரின் நிலையை ஒத்தது. அவர்களுடைய புகையிலை திருவிதாங்கூருக்குப் போயிற்று; விலையைத் தரகர் வைத்தனர். 1934இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவாயிற்று. 1936இல் குடாநாட்டின் மேற்கே மூளாய் என்னும் கிராமத்தில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. பெருந்தனவந்தரின் தருமமாக அன்றி, அங்கத்தவரின் பங்குப் பணத்தில் நிற்கும் வைத்தியசாலை என்ற அளவில் இலங்கையில் அது முன்னோடி. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்று மற்றதைப் பெற்றதென்று சொல்ல வரவில்லை. ஆனால் விளைபொருளின் விலையைச் சேர்ந்து பேசக் கற்றவர்கள், உடம்பின் நோயையும் சேர்ந்து பேசத் துணிந்த காலம் அது. தனித்தனியே ஒவ்வொருவனும் தன் உடம்பைப் பேணியிருந்தால் மூளாயில் ஒரு கட்டிலும் போடப்பட்டிராது.

பின்னர் இலவச அரசாங்க வைத்தியம் பரவிற்று. இலங்கை மக்கள் பெருமைப்படத்தக்க பேறு அது. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் இன்றும் ஏழைக்கு மருந்து இலவசம். ஆயினும் இலவச வைத்தியம் நோயைத்தான் தீர்க்கும். நோய்க் காலத்து வருமானத்தைத் தராது. வரிசையில் நிற்கும் ஒரு காலைப்பொழுதின் விலை, மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு விடுமுறை விண்ணப்பம். தோட்டக்காரனுக்கு வாடிய பாத்தி. ஆகவேதான் அவன் வலியைப் பொறுத்து, பொறுத்து, படுத்த பின்னரே வைத்தியசாலையைக் காண்கிறான்.

கடலுக்கு அப்பாலும் சிலர் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றனர். 1972இல் அகமதாபாத்தில் இலா பட் என்னும் வழக்கறிஞர், தலைச்சுமைப் பெண்களையும் தெருவில் காய்கறி விற்போரையும் பழந்துணி வணிகம் செய்வோரையும் கூட்டிச் சுயதொழிற் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் மறுத்தனர்: எசமான் இல்லாமல் தொழிற்சங்கம் எப்படி? எவரை எதிர்த்துப் போராடுவீர்கள்? சங்கம் என்பது எதிர்ப்பதற்கு மட்டுமன்று, தொழிலாளர் தமக்குள் ஒன்றுபடுவதற்கும் உரியது என்பது அவர்கள் வாதம். பதிவு கிடைத்தது. 1974இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா பங்கிட்டு வங்கி ஒன்றை நிறுவினர். பின்னர் நோய்க் காப்புறுதி வந்தது. குழந்தைகளைப் பார்க்கும் கூட்டுறவு நிலையங்கள் வந்தன. குழந்தை நிலையத்தைச் சிலர் அற்ப விடயமாகக் கருதக்கூடும். குழந்தையைப் பார்க்க ஆளிருந்தால்தான் தாய்க்குத் தொழிலும் உண்டு, மூச்சு விடும் நேரமும் உண்டு.

திருநெல்வேலிச் சீமையில் வீட்டுத் திண்ணையிலே பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்வோம். இந்திய அரசாங்கம் 1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தை இயற்றி, உற்பத்தியாகும் பீடியின் மீதே ஒரு தீர்வையை விதித்தது. அந்தப் பணத்தில் மருந்தகங்களும் பிள்ளைகளுக்கு உதவித் தொகைகளும் நடந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, பணத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே. சுற்றும் கையை மட்டும் பிழியாமல், சரக்கு போகும் வழியிலே நின்று எடுத்தார்கள். 2017இல் புதிய வரி முறை வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது; நலத்திட்டங்கள் வரவு செலவுத் திட்டத்தின் கருணைக்கு விடப்பட்டன. ஆயினும் நாற்பது ஆண்டுகள் அது நடந்ததென்பது நடக்க முடியும் என்பதற்குச் சான்று. தேற்றாத்தீவு வெற்றிலைக்கும் வழி இருக்கிறது; லொறி இருக்கிறது; சந்தை இருக்கிறது; இடையில் இலாபம் அடைவோர் இருக்கிறார்கள். இல்லாதது அங்கே நின்று எடுக்கும் ஒரு கை.

நம் பகுதியில் நடந்ததோ வேறு. 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி, 1990இன் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2009 வரை ஓயாத போர். இவ்வளவுக்கும் பிறகு, இழந்தவருக்கு மருந்தாக ஒரு சொல் வந்தது: சுயதொழில். விதவைக்கு ஆடு, ஊனமுற்றவனுக்குச் சிறு கடை, இளம்பெண்ணுக்குத் தையல் இயந்திரம். கொடுத்தவர்களுள் நல்லெண்ணமுடையோர் பலர். ஆயினும், அச்சொல்லுக்குள் மறைந்திருந்த பொருளை நாம் கவனிக்க வேண்டும். உனக்கு வேலை தர எவரும் இல்லை. உன் நோயும் உன் மூப்பும் உன் நட்டமும் இனி உன்னுடையவை என்பதே அது. ஆட்டுக்குப் பின் கடன் வந்தது. சுயதொழிற் கடன் என்ற பெயரிலே நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுக்களாக இருத்திக் கொடுத்தன. வாரந்தோறும் வீடு தேடி வந்து அறவிட்டன. வெற்றிலை வாடலாம், கோழி சாகலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். அறவீட்டு நாள் மட்டும் தவறாது வரும். எசமான் இல்லாதவளுக்கு ஓர் எசமான் கிடைத்தான். 2018இல் வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே ஏற்க முன்வந்ததும், 2021இல் பொலன்னறுவை மாவட்டத்துக் கிங்குராங்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதன் கொடுமைக்குச் சாட்சி.

கடனும் நட்டமும் நெஞ்சை நெரித்தபோது தோட்டத்து நஞ்சே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1990களின் நடுவில் தற்கொலை மிகுந்த நாடுகளின் முன்வரிசையில் இலங்கை நின்றது. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் சாவு பெரிதும் குறைந்தது. மக்கள் திடீரென மன உறுதி பெற்றுவிட்டதால் அன்று; நஞ்சு கடையிலிருந்து அகன்றதால். உன் மனத்தை நீயே பார்த்துக்கொள் என்ற உபதேசம் செய்யாததை ஓர் இறக்குமதித் தடை செய்தது.

2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஊரடங்கு வந்தபோது, நாள் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுக்கப் பட்டியல் எழுதினார்கள். எழுத எழுத நீண்டது. எத்தனை பேர் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் இல்லாமல் இந்நாட்டைத் தாங்குகிறார்கள் என்பது கிராம அலுவலரின் மேசையில் வெளிப்பட்டது. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமற் போயிற்று. அவ்வாண்டு ஓகத்தில் அதன் விலை ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. கிழக்குக் கரையின் நீரிறைக்கும் இயந்திரங்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. இயந்திரம் நின்ற இடத்தில் வாளி வந்தது. வாளியைத் தூக்க முதுகு வந்தது. அதிகாலையில் நீர் சுமந்துவிட்டு வந்த பிள்ளைகள் முதற் பாடவேளையிலேயே கண் செருகியதை அந்நாட்களில் என் வகுப்பிற் பல தடவை கண்டிருக்கிறேன். அவர்களை எழுப்ப எனக்கு மனம் வந்ததில்லை.

ஒரு தோட்டத்துக்கு நீர் விட ஒரு காலைப்பொழுது வேண்டும். பத்துத் தோட்டக்காரர் ஒரு சங்கமாகி, நோயுற்றவனின் தோட்டத்தை முறை வைத்துப் பார்த்தால், ஒன்பது நாள் நோய்க்கு மற்ற ஒன்பதின்மரில் ஆளுக்கொரு காலைப்பொழுது. மரண உதவிச் சங்கத்தின் கொப்பி ஊரில் ஏற்கெனவே இருக்கிறது; பெயர்களும் அதில் இருக்கின்றன. நோய்க்கென ஒரு பக்கம் அதில் இன்னும் கோடிடப்படவில்லை. இப்பொழுதும் ஒருவன் காய்ச்சலில் வீழ்ந்தால், அயல் தோட்டக்காரன் தன் இறப்பர்க் குழாயை வேலிக்கு மேலால் எறிந்து இரண்டு பாத்திக்கு நீர் விடுவதுண்டு. அதற்குச் சந்தாவும் இல்லை, சட்டமும் இல்லை. மூன்றாம் நாள் அவனுடைய மண்ணெண்ணெயும் தீர்ந்துவிடுகிறது.